விறாந்தை 4 அடியா 6 அடியா? (1982இல் ஹார்வர்டில் நடந்த சண்டையும் எங்கள் வளவும்)

வாவிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்):

தங்கச்சிக்கு வீடு எழும்புகிறது, மட்டக்களப்பு கல்லடியில், அம்மாவின் வளவுக்குள்ளேயே. அத்திவாரம் முடிந்து தரைமட்டம் வந்தாயிற்று. பெரியம்மாவின் மகள் மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்கிறாள், அவள்தான் பிளான் கீறினாள். மேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி, விறாந்தை மட்டும் ஏன் 6 அடி, 4 அடி காணும் என்றார். இவள் விடவில்லை. 6 அடிக்குக் குறைந்தால் ஆட்கள் அதில் இருக்கமாட்டார்கள், புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்றாள். மேசன் சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் நிற்கிறது.

அந்தப் புத்தகம் கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1977இல் வெளியிட்டது. ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பதிலிருந்து சன்னல் ஓரத்து இருக்கை வரைக்கும் 253 சிறு சிறு யோசனைகள். அதில் ஒன்றுதான் இந்த 6 அடி. பல்கனியோ விறாந்தையோ, இரண்டு மூன்று பேர் ஒரு சின்ன மேசையோடு இருக்க இடம் இல்லாவிட்டால் அது சும்மா அலங்காரம்தான் என்கிறார்.

சரி, இந்த மனிதர் யார் என்று பார்க்கப் போய் இரண்டு இரவு போய்விட்டது. 1982இல் ஹார்வர்டில் இவரும் பீட்டர் ஐசன்மன் என்ற இன்னொரு பெரிய கட்டடக்கலைஞரும் மேடையில் மோதியிருக்கிறார்கள். அலெக்சாண்டர் கணிதம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர், கட்டடம் மனிதருக்கு இதமாக இருக்க வேண்டும், ஒரு இடத்தின் பொருத்தம் ஆளுக்கு ஆள் மாறும் ருசி இல்லை, அது உண்மையிலேயே அங்கே இருக்கிற ஒன்று என்று அடித்துச் சொல்கிறார். ஐசன்மன் அதற்கு, உலகமே பதற்றத்தில் கிடக்கும்போது கட்டடம் மட்டும் எல்லாம் நலம் என்று தாலாட்டுப் பாடினால் அது பொய், பொருந்தாமையையும் கட்டிக் காட்டத்தான் வேண்டும் என்கிறார். ஸ்பெயினில் ரஃபேல் மொனேயோ கட்டிய லொக்ரோனியோ நகர மண்டபத்தின் தூண்களை உதாரணத்துக்கு எடுக்கிறார். அந்தத் தூண்கள் வேண்டுமென்றே மெலிந்தவை, பார்த்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், அதுதான் அதன் அர்த்தம் என்று. அலெக்சாண்டருக்குக் கோபம் தலைக்கேறி, மேடை என்றும் பார்க்காமல் கெட்ட வார்த்தையே வந்துவிட்டது. அப்படிக் கட்டுகிற ஆளை நினைத்தால் பாவமாக இருக்கிறது, உலகத்தைக் கெடுக்கிறார் என்பது சாரம். உலகத்தில் ஏற்கெனவே இருக்கிற பதற்றம் போதாதா, கட்டடத்திலும் செய்து சேர்க்க வேண்டுமா என்றும் கேட்கிறார்.

அதைப் படிக்கும்போது நான் எங்கள் கடற்கரைப் பக்கம் இருக்கிற வீட்டில் இருந்தேன், 2004 மார்கழியில் தண்ணீர் ஏறிய உயரம் சுவரில் இன்னும் தெரியும். ஆகவே என் வாக்கு அலெக்சாண்டருக்குத்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? விறாந்தையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மேசன்மகன்:

அண்ணன், மேசன் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது, அவரிடம் நீங்கள் கேட்டிருக்கலாம். கூரை சுவருக்கு வெளியே அதே சரிவில் இறங்கித்தான் விறாந்தையை மூடுகிறது. அடிக்கு 5 அங்குலம் இறங்குகிற சரிவு என்று வையுங்கள். 4 அடிக்கு 20 அங்குலம் இறங்கும், 6 அடிக்கு 30 அங்குலம். அந்த 10 அங்குலத்தில்தான் உங்கள் மாமாவின் நெற்றி இடிக்கும். இடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் வீடு முழுக்கச் சுற்றிவர சுவரை ஒரு வரிக்கு மேல் உயர்த்த வேண்டும், கல், சீமெந்து, கூலி எல்லாம் ஏறும். இல்லாவிட்டால் விறாந்தைக்கு மட்டும் சரிவைக் குறைக்க வேண்டும், குறைத்தால் மார்கழி மழை காற்றோடு அடிக்கிறபோது ஓட்டுக்கு அடியால் தண்ணீர் ஏறி வரும். இது அப்பாவுக்கு 253 யோசனை படித்து வந்த அறிவில்லை. நாலடி என்றது கஞ்சத்தனமும் இல்லை.

மற்றது, பெரிய ஆட்கள் மேடையில் சண்டை பிடித்தால் அது தத்துவம், மேசனும் பிளான் கீறியவரும் சண்டை பிடித்தால் வேலை தாமதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிளான் கீறியவள்:

அந்தப் பெரியம்மாவின் மகள் நான்தான். அண்ணா, போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முதலில் மேசன்மகன் சொன்ன கணக்கு சரி. நான் சுவர் உயரத்தைக் கூட்டித்தான் கீறியிருந்தேன், ஆனால் அதற்கான செலவை யாருக்கும் சொல்லவில்லை, அது என் பிழை.

ஆனால் ஐசன்மனை இப்படி வில்லனாக்கி விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. 1982 நவம்பர் 17ஆம் தேதி நடந்த அந்த உரையாடல் முழுவதையும் வாசித்தால், அவர் மனிதரை வதைக்கச் சொல்லவில்லை என்று தெரியும். அந்தக் காலத்துக்கு முன்னிருந்த 50, 60 வருடத்தில் நவீன கட்டடக்கலை எவ்வளவு வாக்குறுதி கொடுத்தது தெரியும்தானே, சுத்தமான வெள்ளைச் சுவரும் தட்டைக் கூரையும் புது மனிதனை உண்டாக்கும் என்று. நடந்தது இரண்டாம் உலகப் போரும் வதைமுகாமும். அதற்குப் பிறகு ஒருவர் வந்து, இனியும் இணக்கம் இணக்கம் என்று கட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டால் அது கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் ஒன்று, பிரான்ஸில் இருக்கிற பழைய சார்த்ர் தேவாலயத்தைப் பற்றிக் கேட்டபோது, அங்கே போயிருக்கிறேன், எதிரே இருக்கிற உணவகத்தில் சாப்பிட என்கிற மாதிரி அவர் சொல்லும் இடம் இருக்கிறதே, அதை வாசித்துவிட்டு எனக்கும் அலெக்சாண்டர் பக்கம் சாயத்தான் தோன்றியது. எங்கள் விரிவுரைகளில் இந்த விவாதத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட ஒதுக்குவதில்லை. ஸ்டூடியோவில் மட்டும் ஒவ்வொரு கிழமையும் 'உங்கள் கருத்து என்ன, கருத்து என்ன' என்று கேட்பார்கள். விறாந்தை என்பது கருத்து இல்லையாம்.

பெர்லின்வாசி:

நான் ஆரையம்பதி, இப்போது 20 வருடமாக ஜெர்மனி. ஐசன்மன் கட்டிய ஒன்றுக்குள் நடந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். பெர்லினில் கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவிடம், 2005இல் திறந்தார்கள். 2711 கொங்கிறீட் பாளங்கள், வரிசை வரிசையாக. வெளியே நின்று பார்த்தால் முழங்கால் உயரம், பெட்டி அடுக்கின மாதிரி. உள்ளே போகப் போக நிலம் இறங்கும், பாளங்கள் உயரும், நேரான ஒழுங்கையில்தான் நடக்கிறீர்கள், ஆனால் தரை நேரில்லை. கூட வந்தவர் இரண்டு வரிசை தள்ளிப் போனால் காணாமல் போய்விடுவார். பெயரும் இல்லை, சிலையும் இல்லை. என் மகன் அப்போது சின்னவன், ஒளித்துப் பிடித்து விளையாடினான். நான் ஒரு நிமிடம் அவனைக் காணாமல் நின்றேன். தொண்ணூறுகளில் ஊரில் இருந்த எவருக்கும் அந்த ஒரு நிமிடம் என்னவென்று விளங்கும்.

பொருந்தாமையைக் கட்டலாம். எங்கே கட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. அதே மனிதர் அமெரிக்காவில் 1975இல் முடித்த 6ஆம் இலக்க வீட்டையும் பாருங்கள். சாப்பாட்டு மேசை இருக்கிற இடத்தில் ஒரு தூண். படுக்கையறைத் தரை நடுவே ஒரு பிளவு, கணவனும் மனைவியும் சேர்ந்து படுக்க முடியாது, இரண்டு கட்டில் போட வேண்டும். தலைகீழாக ஒரு படிக்கட்டு, சிவப்பு நிறத்தில், ஏற முடியாது. கூரையும் ஒழுகியது. நினைவிடத்தில் அழவைத்த அதே யோசனை படுக்கையறையில் சிரிப்பாகி விட்டது.

புளியந்தீவு ஓய்வூதியர்:

நீங்கள் அந்த 6ஆம் இலக்க வீட்டுக்குச் சிரிக்கிறீர்கள் தம்பி, ஆனால் அந்தத் தம்பதி அதைக் கேட்டு வாங்கினார்கள், வார இறுதிக்குப் போய்த் தங்குகிற வீடு, ஒழுகியதைத் திருத்திக்கொண்டு தொடர்ந்து வைத்திருந்தார்கள், அந்த வீட்டைப் பற்றி அந்த அம்மா ஒரு புத்தகமே எழுதினார். அவர்கள் காசு, அவர்கள் விருப்பம். நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன். சுனாமிக்குப் பிறகு நான் அளந்த வீடுகளில் இருந்த சனத்துக்கு அந்த வசதி இருக்கவில்லை. வடகிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள், தெற்கில் 100. உள்ளே தள்ளிக் காணி கொடுத்து, தொண்டு நிறுவனங்கள் வந்து, 500 சதுர அடி, ஒரே பிளான், ஒரே நிறம். அந்தப் பிளானைக் கீறியவர் கச்சான் என்கிற சூடான மேல்காற்றைக் கண்டிராதவர். ஆனி ஆடியில் பகல் 2 மணிக்கு அந்தச் சீற்றுக் கூரைக்குக் கீழே ஒரு தடவை இருந்து பார்த்திருந்தால் போதும். ஐசன்மன் யோசித்து யோசித்து உண்டாக்கின அசௌகரியத்தை இவர்கள் யோசிக்காமலே உண்டாக்கினார்கள்.

கூரை என்றதும் ஞாபகம். 1978 நவம்பர் சூறாவளியில் எங்கள் வீட்டு ஓடு பறந்தது வளவு தாண்டி. அதற்குப் பிறகு ஐயா சீற்று போட்டார், அம்மா சாகும்வரை சூடு சூடு என்று ஏசிக்கொண்டிருந்தார். எங்கள் நாட்டுக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா இதற்கு அறுபதுகளிலேயே வழி கண்டிருந்தார், நெளிசீற்றைக் கீழே போட்டு அதற்கு மேல் நாட்டு ஓட்டைப் பதிப்பது. சீற்று மழையை மறிக்கும், ஓடு வெயிலை மறிக்கும், கண்ணுக்கும் அழகு. பெரிய தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை அந்த மனிதர், தன் வேலையை விளக்கவே பிடிக்காது என்பார்கள். அவரோடு ஒரே நிறுவனத்தில் இருந்த வலன்டைன் குணசேகர வேறு ஆள். பழைய வளவு வீட்டு முற்றத்தையும் ஓட்டையும் திரும்பக் கொண்டுவருவது அவருக்குச் சரிவரவில்லை, கொங்கிறீட்டில் புது வடிவம் தேடினார், பிரிந்து போய்த் தனியாகத் தொழில் செய்தார். சுதந்திரம் கிடைத்த நாடு முன்னே பார்க்க வேண்டுமா பின்னே பார்க்க வேண்டுமா என்கிற சண்டை அது, என் கணக்கில் ஹார்வர்டில் நடந்ததை விடப் பெரிய சண்டை. பாவா வென்றார், இன்று ஹோட்டல் எல்லாம் பாவா மாதிரித்தான். ஆனால் ஊரில் சனம் கட்டுகிற வீட்டைப் பாருங்கள், தட்டைக் கொங்கிறீட், வளைவு, கம்பிக் கிராதி. குணசேகரவைத் தெரியாமலே குணசேகர பக்கம் போய்விட்டார்கள்.

அக்கரைப்பற்றுக் காக்கா:

ஓய்வூதியர் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் பக்கம் நுரைச்சோலையில் சவூதி உதவியில் 500 வீடு கட்டி, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி எல்லாம் வைத்து, யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கில் மாட்டி வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்து காடு பற்றியது. அங்கே கட்டடக்கலைஞரின் தத்துவம் எதுவாக இருந்தால் என்ன.

ஆனால் 'மக்களுக்கு இதமானது' என்று சொல்கிறவர்களும் தப்பவில்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன். எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்று ஒருவர், நாற்பதுகளில் குர்னா என்ற ஊரை மண்கல்லால் புதிதாகக் கட்டினார். சீமெந்தும் இரும்பும் இல்லாமல், பழைய முறையில், குவிமாடக் கூரை. படம் பார்த்தால் கண்ணெடுக்க முடியாது, உள்ளே குளிர்ச்சி. சனம் போக மறுத்துவிட்டது. பழைய ஊரில் கல்லறைகளுக்கு மேலே இருந்து புதைபொருள் தோண்டி விற்று வாழ்ந்தவர்கள், அதை விட்டுவிட்டு ஏன் போவார்கள் என்பது ஒன்று. இன்னொன்று, அவர்கள் கண்ணுக்குக் குவிமாடம் என்றால் அடக்கத்தலம். யோசித்துப் பாருங்கள், எங்கள் ஊரில் ஒருவர் வந்து சியாரம் மாதிரி ஒரு வீட்டைக் கட்டி, இது உங்கள் பாரம்பரியம், உள்ளே போய்ப் படுங்கள் என்றால்? அலெக்சாண்டர் சொல்கிற அந்த 'உண்மையிலேயே இருக்கிற பொருத்தம்' யாருடைய கண்ணுக்கு?

பிளான் கீறியவள்:

காக்கா, அலெக்சாண்டர் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார், குடும்பங்களே தங்கள் வீட்டைத் தாங்கள் வகுக்க வேண்டும் என்று. 1976இல் மெக்சிகோவில், மெக்சிக்காலி என்ற ஊரில் செய்தும் காட்டினார். 30 வீடு கட்டுவதாகத் திட்டம், 5தான் எழும்பியது, அதோடு அரசாங்கம் கையை விரித்துவிட்டது. குடும்பத்தோடு நிலத்தில் நின்று கயிறு பிடித்து அறை அறையாக அளந்து கட்டுகிற முறை, அவசரத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. சிலியில் இக்கிக்கே என்ற ஊரில் 2004இல் அலெஹாந்திரோ அரவெனா செய்தது. குடும்பத்துக்கு 7,500 டொலர் மானியம், அதற்குள் காணியும் வீடும் வர வேண்டும். முழு வீடு கட்டினால் கோழிக்கூடுதான் வரும். ஆகவே நல்ல வீட்டின் பாதியைக் கட்டினார், சமையலறை, குளியலறை, படிக்கட்டு, தனியாகக் கட்டக் கஷ்டமான பகுதிகள். மீதிப் பாதி வெறும் இடைவெளி, காசு வரும்போது அவர்களே நிரப்பிக்கொள்ள. 2016இல் அவருக்குக் கட்டடக்கலையின் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு கொடுத்தார்கள்.

மேசன்மகன்:

லின்டல் மட்டத்தில் நின்றுபோன வீட்டுக்குப் பரிசு என்றால் மட்டக்களப்பு மாவட்டத்துக்கே கொடுக்க வேண்டும்.

சீதனவீட்டுக்காரி:

கல்முனை. மேலே எழுதிய எல்லோரையும் வாசித்தேன். பெர்லின், எகிப்து, சிலி எல்லாம் போய் வந்தீர்கள். அடுப்படியைப் பற்றி ஒரு வரி இல்லை.

எங்கள் கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு பெண்ணுக்கு உரியது, தாயிடமிருந்து மகளுக்குப் போவது. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுகிறார். சுனாமிக்குப் பிறகு படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் வந்தது, அதில் ஆண்களின் பெயர் போனது, அதன் பிறகு காணி உறுதியிலும் அதே பெயர். இடிந்த வீடு அம்மாவுடையது, கிடைத்த வீடு ஐயாவுடையது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அந்த ஐயா பிறகு போய்விட்டார், வீட்டுக் கதை இன்னும் இழுபடுகிறது. கட்டடக்கலை விவாதத்தில் இது வராது, ஆனால் அந்த வீட்டுக்குள் யார் எங்கே இருப்பார்கள் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

அடுப்படிக்கு வருகிறேன். நிறுவனம் கட்டித் தந்த எங்கள் வீட்டில் குசினி உள்ளே, சுவரில் ஒரு சின்னச் சன்னல். விறகு அடுப்பு மூட்டினால் புகை நேரே படுக்கையறைக்கு. மூன்றாம் மாதமே பின்னால் கிடுகால் ஒரு அடுப்படி இறக்கினோம், உள்ளே இருந்த குசினி நெல் மூட்டை வைக்கிற இடமாகிவிட்டது. ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டிலும் அதே கதை. அந்தப் பிளானைக் கீறியவர் வந்து பார்த்திருந்தால் அத்தனை பின்பக்கமும் அவருக்கு ஒரே பதிலைச் சொல்லியிருக்கும்.

கேட்டுக் கட்டியவர் ஒருவர் இந்த நாட்டிலேயே இருந்தார். மினெட் டி சில்வா, கண்டிக்காரி, 1948இல் பிரித்தானிய கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் சேர்ந்த முதல் ஆசியப் பெண். ஐம்பதுகளின் கடைசியில் கண்டி வட்டபுளுவவில் வீட்டுத் திட்டம் ஒன்று செய்தபோது, குடியேறப் போகிறவர்களுக்குக் கேள்விக்கொத்து கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வாழ்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் வகுத்தார். பாவாவுக்கு முன்பே வெப்பநாட்டுக்கு நவீனம் எப்படி ஒத்துவரும் என்று எழுதியவரும் அவர்தான். பாவா பெயர் எல்லோருக்கும் தெரிகிறது, ஓய்வூதியர் ஐயா உட்பட.

இப்போது தொடங்கியவருக்கு ஒரு கேள்வி. மேசன் 4 என்றார், பிளான் கீறியவள் 6 என்றாள், புத்தகமும் 6 என்றது. தங்கச்சி என்ன சொன்னாள்?

வாவிக்கரையான்:

வாசித்துவிட்டு ஒன்றரை நாள் பதில் எழுதவில்லை, காரணம் இப்போது தெரியும்.

கேட்டேன். முதலில் 'உங்களுக்கு எது வசதியோ அதைக் கட்டுங்கள்' என்றாள். இரண்டாம் தரம் பிளானைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முன் விறாந்தை எனக்கு எதற்கு, அதில் நீயும் மாமாவும்தானே இருப்பீர்கள், 4 அடி காணும் என்றாள். பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பின்னால் ஒன்றும் இல்லை, சுவரும் ஒரு கதவும்தான். அவள் பாடசாலை முடிந்து வந்து மீன் வெட்டுவதும், தேங்காய் துருவுவதும், பின்னேரம் எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதும் எல்லாம் இப்போது அம்மாவின் வீட்டுப் பின் தாழ்வாரத்தில்தான், எத்தனையோ வருடமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிற காட்சி. பின்னால் 8 அடி வேண்டுமாம். பாய் போட்டுப் பிள்ளைகள் இருந்தாலும் அம்மா சுளகோடு நடந்து போக வழி வேண்டும் என்று கணக்கோடு சொன்னாள்.

மேசனிடம் சொன்னேன். முன்னால் 4 என்றதும் முகம் மலர்ந்தது, பின்னால் 8 என்றதும் வாடியது.

பிளான் கீறியவள்:

நான் அந்தத் தாழ்வாரத்தில் இருந்துதான் சின்ன வயதில் கணக்குப் படித்தேன். கீறும்போது அது ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. ஆனால் அண்ணா, பின்பக்கம் மேற்கு. கச்சானும் பின்னேர வெயிலும் நேரே அடிக்கும். பிள்ளைகள் வருவதும் அந்த நேரம்தான்.

வாவிக்கரையான்:

அதற்கு அங்கே அம்மாவின் மாமரம் நிற்கிறது. அதுதான் இப்போது பிரச்சினை, 8 அடி எடுத்தால் தூண் ஒன்று மரத்தோடு முட்டும். மேசன் வெட்டச் சொல்கிறார், அம்மா மேசனை வெட்டுவேன் என்கிறார். கூரைக்கு ஓய்வூதியர் ஐயா சொன்ன மாதிரி சீற்றுக்கு மேல் ஓடு போட யோசனை. பழைய நாட்டு ஓடு யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள்.

மேசன்மகன்:

ஓடு செங்கலடிப் பக்கம் விசாரித்துப் பார்க்கிறேன், பழைய வீடு கழற்றுகிற இடங்களில் வரும். தூணை இரண்டடி தள்ளி வைத்து மேலே பீமைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் மரம் தப்பும். ஆனால் முதலில் வேர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தோண்டிப் பாருங்கள், அதற்குப் பிறகு பிளானைக் கீறச் சொல்லுங்கள். ஞாயிறு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.